சேனை வைக்க வந்த கை

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேனை வைப்பது என்போம். பட்டம் பெற்றவள் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். காரைக்கால் ஆஸ்பத்திரியில் மகன் பிறந்த அன்று, யார் வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் தையல் வலிகூட மறந்துபோனது.

வைக்கப்போகிறவன் கணவரின் சித்தப்பா மகன், கபடி ஆட்டக்காரன். ஆடுவதற்காகவே சென்னையில் ஒரு கம்பெனி அவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. ஊருக்கு வருகிறான் என்றால் திருவேட்டக்குடி வரைக்கும் பேனர் கட்டுவார்கள். அவன் மனைவி எங்கள் தெருவிலேயே இருந்தாள். அவன் வந்துபோன பிறகெல்லாம் அவளுக்கு எங்காவது வீங்கியிருக்கும். குழாயடியில் வழுக்கிவிட்டது என்பாள். போன வாரம் மணிக்கட்டில் கட்டோடு வந்தபோதுதான் அடித்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொன்னாள். அதற்கு முன்பே வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவன் வைக்க வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். ஆட்டம் வேறு, வீடு வேறு என்றார். ஊருக்குக் கோப்பை கொண்டுவந்தவனை இதையெல்லாம் வைத்து எடை போடக்கூடாதாம். அவன் ஆட்டத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேனோ என்னவோ. இவர்கள் கேட்டது அவனுடைய குணத்தை. அதில் கால் வேகத்தை மட்டும் பிரித்தெடுத்து என் பிள்ளைக்கு யார் ஊட்டுவது?

மாலையில் அவன் வந்தான். பின்னால் அவள். நாத்தனார் கிண்ணத்தை நீட்டினார். தாய்ப்பால் தவிர எதுவும் தரக்கூடாது என்று நர்ஸ் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அந்தம்மா அந்தாண்ட போவட்டும். ஒரு சொட்டுதானே" என்றார் நாத்தனார்.

அவன் அதை வாங்கி விரலை நனைத்தான். நான் குழந்தையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"வேணாம் தம்பி. அவ கையப் பாருங்க. அடிச்ச கை என் புள்ள வாயில படவேணாம்."

அவன் சிரித்தான். "களத்துல ஃபவுல் பண்ணுனா சொல்லுங்கண்ணி. வீட்டுக்கு அம்பயர் கெடையாது."

அந்தச் சிரிப்புக்குக் கணவரும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கிண்ணத்தை வாங்கி வாஷ்பேசினில் கொட்டச் சொன்னேன். அவன் கிண்ணத்தை நாத்தனார் கையில் திணித்துவிட்டு வெளியேறினான். அவளும் பின்னாலேயே போனாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் வாய்க்கு அவள் உடம்பு பதில் சொல்ல வேண்டியிருக்குமோ? நர்ஸைக் கூப்பிட்டே தடுத்திருக்கலாமோ? நினைக்க நினைக்க என் மேலும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை, பால் ஊறுவதற்காகச் சுறாப்புட்டு செய்து அவள் எடுத்து வந்தாள். முதலில் அவள் முகத்தையும் கையையும்தான் பார்த்தேன். மணிக்கட்டில் பழைய கட்டுதான், புதிதாக எதுவும் இல்லை. நேற்று இங்கிருந்தே அவன் நேராகச் சென்னை பஸ் ஏறிவிட்டானாம்.

"எனக்காகச் சொன்னீங்களாக்கா, புள்ளைக்காகச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வரவில்லை. "புள்ளைக்காகத்தான்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் புட்டைத் தட்டில் வைத்தாள். கணவர் உள்ளே வந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவளை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அடுத்த வாரம் அவனுக்கு ஃபைனல். மனசு ஒடஞ்சு போயிருக்கான். சந்தோஷமா ஒனக்கு?"

அவள் ஒற்றைக் கையால் தூக்குச்சட்டியை மூடப் பார்த்தாள். மூடி நழுவிக்கொண்டே இருந்தது.