சாருக்கு ஒரு விரால்

நைனா என்றாலே இப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, தொடை வரை சேற்றோடு என் மேனேஜர் முன்னால் அவர் கும்பிட்டு நின்ற கோலம்தான்.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும் எனக்கு ஏறிய கெத்துகளில் தூண்டிலும் ஒன்று. ஞாயிறானால் மேனேஜர் சாரோடும் ஆபீஸ் பசங்களோடும் பழவேற்காடு ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவேன். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடை. மழை கொட்டி உப்பு குறைந்தால் பாசிக்கடியில் விரால் நிற்கும். புழு கோப்பதெல்லாம் கிடையாது. சேவல் இறகில் கட்டிய பொய்த் தவளையைச் சாட்டை மாதிரிச் சுழற்றிப் பாசிமேல் போடுவோம். பாய்ந்து கவ்வும். இழுத்து, போட்டோ எடுத்து, தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். அதுதான் ஸ்போர்ட் என்று பீற்றிக்கொள்வோம்.

ஒரு ஞாயிறு எங்கள் ஊர் சாந்திபுரத்திலிருந்து நைனா சொல்லாமல் வந்து இறங்கினார். வேறு வழியில்லாமல் ஓடைக்கே கூட்டிப்போனேன். சார் முழங்கை நீள விராலைப் பிடித்தார். போட்டோ முடிந்து, குனிந்து தண்ணீருக்குள் கையைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து நைனா, “சார், எம்மாம் பெரிய மீனு!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். மீன் போய்விட்டது. நைனா வேட்டியோடு பாசிக்குள் குதித்துத் துழாவினார்.

“மச்சான், உங்க நைனாவைத் தூக்கிப் புடிச்சு ஒரு போட்டோ எடுக்கலாம்டா!” என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வெறுங்கையோடு ஏறி வந்தவர் கும்பிட்டார். “நான் கத்தனதுலதான் கை நழுவிடுச்சு சார். புள்ள மேல கோவம் வச்சிக்காதீங்க.”

சார் என்னைப் பார்த்தார். ‘அவரே விட்டதுதான் நைனா’ என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் விட்டார் என்று கேட்டால்? எங்கள் வீட்டில் விரால் வாங்கியது அக்கா பிள்ளை பெற்றபோது மட்டும்தான். நான் குனிந்து தூண்டில் நரம்பைச் சுற்றினேன். “பரவாயில்ல பெரியவரே” என்று சாரே முடித்துவைத்தார்.

அதிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், “சாருக்குக் கோவம் போச்சாடா?” போச்சு என்றால் நம்புவதில்லை. போன வாரம் பஸ்ஸில் ஒரு தெர்மாகோல் பெட்டி அனுப்பியிருந்தார். ஐஸுக்கு நடுவே விரால். சாருக்காம். அதை எந்த முகத்தோடு அவரிடம் நீட்டுவது? அறையிலேயே குழம்பு வைத்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் போன்.

“சார் துன்னாரா?”

“துன்னுக்கினு இருக்காரு நைனா.”

“கோவம்?”

“போயே போச்சு.”

“அப்பாடா. கொழந்தைங்களுக்கும் குடுக்கச் சொல்லுடா. விரால்ல முள்ளு கம்மி, பயமில்ல.”

சரி நைனா என்று சொல்வதற்கு, வாயில் இருந்ததை முதலில் விழுங்க வேண்டியிருந்தது.