தோண்டாத மூன்றாவது குழி

என் வீட்டு முன்னால் இருக்கும் வளைவில் விபத்தே நடப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை, எனக்கு வந்த பதில் கடிதம் சொல்கிறது. "மனுவில் குறிப்பிட்டுள்ள இடத்தில் விபத்துகள் ஏதும் பதிவாகவில்லை என்பதால், முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்க வழிவகை இல்லை என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது." கிராமச் சாலைகளைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து, இதே போன்ற வாக்கியங்களின் கீழே ஆயுசு முழுக்கக் கையெழுத்துப் போட்டவன் நான். படித்ததும் கோபம் வரவில்லை. நல்ல வரைவு என்றுதான் தோன்றியது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, எதையும் மறுக்கவில்லை, எதையும் செய்யப்போவதும் இல்லை.

எங்கள் ஊர்ச் சாலை பாசனக் கால்வாயின், எங்கள் பேச்சில் சானலின், கரைமேல் போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். மேற்கே கடலோரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சானல் இடது கைப்பக்கம். என் வீட்டுக்கு நேராகச் சானல் வலப்பக்கம் திரும்பும், சாலையும் அதன் பின்னாலேயே திரும்பும். கைப்பிடிச் சுவர் கிடையாது. மூன்று காவல்கல் நட்டிருந்தார்கள். இரண்டு சானலில் கிடக்கிறது, ஒன்று துணி துவைக்கப் பயன்படுகிறது.

ஆடி மாதக் கடைசியில், காலை ஏழு மணி இருக்கும், அந்த வளைவில் எங்கள் மீன்காரி விழுந்தாள். கடலோரத்துக் கடியப்பட்டணத்திலிருந்து மொபெட்டில் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவள். புருஷன் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார், குடும்பம் அவள் ஓட்டத்தில்தான் ஓடுகிறது. அன்றைக்குத் தூறல்கூட இல்லை. நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஹாரன் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் மொபெட் சானல் விளிம்பில், அவள் முட்டளவு தண்ணீரில் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சுற்றிலும் சாளை மீன் மிதக்கிறது.

"சாரே, பாத்தியளா? கடல்லேருந்து புடிச்சத மறுபடி தண்ணியிலேயே விட்டாச்சு" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

காறை எலும்பு ஒடிந்திருந்தது. எங்கள் ஊரில் யார் விழுந்தாலும் போவதுபோல் அவளும் ஆசான் வீட்டுக்குத்தான் போனாள். ஆசான் என்பவர் வர்ம வைத்தியர். தடவிப் பார்த்து, எண்ணெய் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒன்றரை மண்டலம் ஆடாமல் இரு என்று அனுப்பினார். கூடவே ஒன்று சொன்னார்: அதே எலும்பு இரண்டாவது தடவை ஒடிந்தால் கை தோளுக்கு மேல் போகாது, வண்டியின் கைப்பிடி பிடிக்க வராது.

ஒன்றரை மண்டலம் வீட்டில் இருக்க அவளுக்கு மனமில்லை. லோடு ஆட்டோவில் மைக் வைத்து மீன் விற்கும் ஒருவன் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தான். ஐப்பசிக்குள் திரும்பி வராவிட்டால் இந்தக் கரையோர வீடுகள் அவன் வசம் போய்விடும். சுற்றுவழி உண்டு. ஆனால் அவளிடம் மீன் வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்தச் சாலையில்தான் இருக்கிறார்கள். அவள் இந்த வளைவில் வந்துதான் ஆக வேண்டும், வந்தால் விழக் கூடாது. பிரச்சினை அவ்வளவுதான். அவள் போனில் கேட்டாள்: "சாரே, ரோட்டு ஆபீசுல இருந்த ஆளுல்லா நீங்க? ஒரு சுவரு கெட்டித் தரப்பிடாதா?"

கட்டித் தரலாம். மனு எப்படி எழுத வேண்டும், எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும், யார் எழுப்பினால் எழும் என்று எல்லாம் தெரியும். எழுதினேன். அதற்குத்தான் மேலே சொன்ன பதில்.

விபத்து பதிவாகவில்லை என்றால் பதிவு செய்துவிட வேண்டியதுதானே என்று அவளைக் கட்டுப்போட்ட தோளோடு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். ஏட்டு மரியாதையாக நாற்காலி போட்டார்.

"யாரு மோதினது?"

"யாரும் மோதல்ல. நானே விழுந்தேன்."

"அப்போ கவனக்குறைவா ஓட்டினது நீங்கதான். உங்க மேலதான் கேசு போடணும். லைசன்ஸ் இருக்கா? இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஒடிஞ்ச கையும் எனக்கு, கேசும் எனக்கா? நல்ல எடத்துக்குக் கூட்டிட்டு வந்தியளு சாரே" என்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

இது எனக்குத் தெரியாததல்ல. தனியாக விழுகிறவன்தான் குற்றவாளி. அதனால் விழுந்தவர்கள் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. அரசு ஆசுபத்திரிக்குப் போனால் அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும் என்பதால் அங்கேயும் போவதில்லை. ஆசானிடம் போவார்கள். ஆசானுக்குப் பதிவேடு கிடையாது. ஆக, எத்தனை பேர் விழுந்தாலும் வளைவு சுத்தமாக இருக்கும். விபத்துப் பட்டியலில் ஏற வேண்டுமானால் மோத வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும்.

ஆசானும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் வைத்தியசாலை இப்போது இரண்டு மாடி. வாசலில் கேரள எண் போட்ட கார்கள் நிற்கும், உள்ளே டோக்கன், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. நானும் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனேன்.

"எங்க வேய் நோவு?" என்றார்.

"நோவு இல்ல. எங்க வளைவுல விழுந்து உம்மகிட்ட வந்தவங்க பட்டியல் வேணும். தேதியோட."

"பட்டியலா? நான் என்ன தாசில்தாரா? இங்க ஒரு நாளைக்கு எத்தன பேரு வாறான், தெரியுமா?"

"பேராவது ஞாபகம் இருக்காதா?"

"பேரு மறந்து போவும் வேய். எலும்பு மறக்காது." அவர் எதிரே இருந்த ஆளின் முழங்காலை அமுக்கிக்கொண்டே பேசினார். "உம்ம வளைவுல விழுந்தவன் அம்புட்டுப் பேருக்கும் இடது தோளு, இல்லன்னா இடது காறை எலும்பு. வலது ஒண்ணுகூட வந்ததில்ல, கேட்டேரா? மேக்கேருந்து வாறவன்தான் விழுதான். கிழக்கேருந்து வாறவன் ஒருத்தனும் விழல்ல. மழையில வழுக்கி விழுறவன் நாலு பக்கமும் விழுவான். இது வழுக்குறதில்ல. ரோடு தள்ளி விடுது. ஏன் தள்ளுதுன்னு நீரு சொல்லும். எஞ்சினீயருன்னு வீட்டு வாசல்ல போர்டு வச்சிருக்கேருல்லா?"

முழங்கால்காரர் சிரித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி தண்ணீர் எடுத்துப்போய் வளைவின் நடுவில் கொட்டினேன். "ரோட்டக் குளிப்பாட்டுதியளா?" என்று மனைவி வாசலிலிருந்து கேட்டாள். வளைவில் சாலையின் வெளிவிளிம்பு உயர்ந்திருக்க வேண்டும், உள்விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். திரும்புகிற வண்டியை அது உள்ளே இழுத்துப் பிடிக்கும். முதலாண்டுப் பாடம். இங்கே வெளிவிளிம்பு சானல் பக்கம், உள்விளிம்பு வயல் பக்கம். கொட்டிய தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சானலுக்குப் போயிற்று. இன்னொரு வாளி கொட்டினேன், அதுவும் போயிற்று.

திண்டாட்டம் எங்கே தொடங்கியது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மூன்றாவது வாளியும் கொட்டினேன். மனுஷ புத்தி.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் இந்தச் சாலைக்கு மேலே ஓர் அடுக்குத் தார் போட்டார்கள். நிதியாண்டு முடிய இரண்டு நாள் இருந்தது. சானல் விளிம்பு இடிந்துவிடும் என்று ரோலர் ஓட்டுகிறவன் அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகவில்லை. போட்ட கலவை எல்லாம் வயல் பக்கம் கனத்துவிட்டது, சானல் பக்கம் பேருக்குப் பூசியதோடு சரி. அளக்கப் போனது நான். கனம் சரியா என்று பார்க்க ஒவ்வொரு இடத்திலும் மூன்று குழி தோண்ட வேண்டும்: வயல் ஓரம், நடு, சானல் ஓரம். வளைவில் இரண்டு குழி தோண்டினோம். முந்தின நாள் கோடை மழை. சானல் பக்கம் சேறு. என் காலில் புதுச் செருப்பு. மூன்றாவது குழியைத் தோண்டாமலே, இரண்டாவதின் அளவையே கொஞ்சம் மாற்றி அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் மாதிரி தெரியாமல் இருக்கத்தான் அந்தக் கொஞ்சம் மாற்றம்.

பிறகு அந்த வளைவுக்கு எதிரிலேயே வீடு கட்டி ஓய்வுக்காலம் கழிக்க வந்தேன். ஆட்கள் விழும்போதெல்லாம் வாசலில் நின்று, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று சொல்லியிருக்கிறேன்.

வழி ஒன்று இருந்தது. விபத்துப் பட்டியலில் ஏறாவிட்டாலும், ஏற்கெனவே செய்த வேலையில் குறை என்று நிரூபணமானால் பராமரிப்பு நிதித் தலைப்பில் சரிசெய்யலாம். ஆனால் அளவுப் புத்தகப்படி அந்த வளைவில் குறையே இல்லை. மூன்று குழி, மூன்று அளவு, கீழே என் கையெழுத்து. அந்தக் கையெழுத்து பொய் என்று யாராவது எழுதித் தந்தால்தான் கோப்பு நகரும். எழுதித் தரக்கூடியவன் ஒருவன்தான்.

இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வருடம் தாண்டிய தவறுக்காக ஓய்வூதியக்காரன் மேல் துறை நடவடிக்கை புதிதாக எடுக்க முடியாது. அந்த விதியை எழுத உட்காருவதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு ஆபத்தும் இல்லை. இருந்தும், "மூன்றாவது குழி தோண்டப்படவில்லை, அளவைப் பதிவு செய்தவன் நான்" என்ற ஒரு வரியை எழுத மூன்று நாள் ஆயிற்று. முதல் இரண்டு நாள் "தோண்டப்படவில்லை எனத் தெரியவருகிறது" என்றே பேனா எழுதிக்கொண்டிருந்தது.

ஐப்பசி முதல் வாரம் உதவிப் பொறியாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். மட்டம் பார்க்கும் கருவி, இரண்டு ஆட்கள், கடப்பாரை. என் இரண்டாவது மனு அவர் கையில் இருந்தது. நேரே சானல் ஓரம் போய்ச் சேற்றில் நின்று குழி தோண்டச் சொன்னார். அளந்தார்.

"பாதிகூட இல்ல சார்" என்றார்.

பிறகு தாளை நீட்டிச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். குனிந்து குழியைப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

"வேலை எப்போ ஆரம்பிப்பீங்க?"

"விளிம்ப உயர்த்தணும்னா சானலுக்குள்ளேருந்து பக்கச்சுவர் எழுப்பணும். சானல் அடைச்சாத்தான் முடியும். கும்பப்பூ நெல்லறுப்பு முடியாம தண்ணிய நிறுத்த விடமாட்டாங்க. பங்குனி ஆயிரும். உங்களுக்குத் தெரியாததா சார்?"

தெரியும். அதுதான் சங்கடம். அவர் சொன்னதில் தட்டிக் கேட்க ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்: "அபாய வளைவு. மெதுவாகச் செல்லவும்."

மறுவாரம் கட்டு அவிழ்ந்து மீன்காரி வந்தாள். வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, பலகையைப் படித்தாள்.

"மெதுவா வந்துதானே சாரே விழுந்தேன்? சுவரு எங்க?"

"பங்குனியில."

"நான் பங்குனி வரைக்கும் பறந்தா வரணும்?"

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து சொன்னேன். சாலை எப்படிச் சாய்ந்தது, யார் அளந்தது, எந்தக் குழி தோண்டவில்லை என்று எல்லாம். செருப்பைப் பற்றியும் சொன்னேன். அவள் பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அப்போ மொத மனு யாருக்கு எழுதினியளு? ஒங்களுக்கேயா?" என்றாள்.

"செரி. எனக்கு மனுவும் வேண்டாம் மண்ணும் வேண்டாம். பங்குனி வரைக்கும் தினமும் ஏழு மணிக்கு நான் இங்க வந்து ஹாரன் அடிப்பேன். எறங்கி உருட்டிட்டுப் போறேன். பெட்டி கனத்துல வண்டி சானல் பக்கம் சாயும், எனக்கு இந்தக் கையில பலமில்ல. நீங்க அந்தப் பக்கம் நின்னு தாங்கணும். செய்யுவியளா?"

"செய்யலாம்."

"செய்யலாம் கிய்யலாம்னு ஆபீசு பேச்சு வேண்டாம். வருவியளா, மாட்டியளா?"

"வருவேன்."

ஏறக்குறைய நாற்பது அடி. அவள் கைப்பிடியைப் பிடித்து உருட்டுவாள், நான் சானல் ஓரமாக நடந்து பெட்டியைத் தாங்குவேன். வளைவு கடந்ததும் ஏறிப் போய்விடுவாள். நன்றி சொல்வதில்லை. மனைவிக்கு நெத்தோலியில் ஒரு பிடி கூடப் போடுகிறாள், அது பழைய வழக்கம், என் கணக்கில் வராது. லோடு ஆட்டோக்காரன் இன்னும் வருகிறான். ஆனால் கரையோர வீட்டுக்காரர்கள் ஏழு மணி வரை காத்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கவும்தான். ஆசான் ஒரு நாள் அந்த வழியாகக் காரில் போனவர் கண்ணாடியை இறக்கி, "இப்பதான் வேய் நீரு ரோட்டு வேல பாக்கேரு" என்றார்.

இப்போது கார்த்திகை. பங்குனிக்கு நாலு மாதம் இருக்கிறது, பங்குனியிலும் நடக்கும் என்று உறுதியில்லை. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரித்தேன், நான் நினைத்த மேசையில்தான் இருக்கிறது. இரண்டு நாளாக விடாத மழை. இன்றும் ஏழு மணிக்கு ஹாரன் கேட்கிறது. சானல் பக்கம் முழங்கால் வரை சேறு. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு இறங்குகிறேன்.