பாறையில் காய்ந்த புளிப்பு

எங்கள் கம்பெனியில் புளித்த காய்கறிச் சாற்றை எந்திரம் சூடான காற்றில் தூவிப் பொடியாக்குகிறது. அந்த வாசனை எனக்குப் பழையது.

நார்த்தங்காய் ஊறிப் புளித்த தண்ணீரை ஆத்தா வேப்பங்கொத்தால் சுடுபாறையில் தெளித்து, காய்ந்ததைச் சுரண்டி எடுப்பாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலில் வாய் கசந்து கிடந்த அப்பாவுக்காக அது. "நக்கிப்புடாதடா" என்று எனக்கு ஒரு சிட்டிகைகூடத் தரவில்லை. அங்கே கப்பலேறிய மாமாவிடம் முழுவதையும் கொடுத்தனுப்பினாள்.

அப்பா மெலிந்து திரும்பி வந்ததும், "பொடி நல்லா இருந்துச்சாப்பா?" என்றேன்.

"எந்தப் பொடி?"

கூடவே வந்து பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா நிமிரவில்லை. "வழியிலயே தீந்துபோச்சுக்கா. கஞ்சிக்கு நல்லா இருந்துச்சு. இன்னுங் கொஞ்சம் இருக்கா?"

ஆத்தா அவருக்கு மோர் ஊற்றினாள்.

இன்று மேஸ்திரி என் உள்ளங்கையில் பொடியைக் கொட்டி, "ருசி பாருங்கண்ணே" என்றார். முதல் தடவையாக நாக்கில் வைத்தேன். கஞ்சிக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும்.