புதுசுன்னு போட மாட்டேன்

இன்னைக்கு மதியம் பூந்தமல்லி பக்கம் ஒரு கம்பெனியில எனக்கு வரவேண்டிய ஆர்டர் போச்சு. நானேதான் விட்டுட்டு வந்தேன்.

அவங்க லேத்துல சீவி விழுற பிளாஸ்டிக் பிசிறை வாங்கி, அம்பத்தூர்ல என் ஷெட்டுல கழுவி, உருக்கி, மறுபடி உருட்டுக் கம்பி மாதிரி ராடா செய்றேன். சாதாரண பிளாஸ்டிக் இல்ல. கொதிக்கிற எண்ணெயிலும் அசராது.

பர்ச்சேஸ் மேனேஜர் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"எல்லாம் பாஸ் மேடம். லேபிள்ல 'மறுசுழற்சி'ன்னு இருக்கே, அதை மட்டும் எடுத்துட்டு புதுசுன்னு போட்டுக் குடுங்க."

"பொய் சொல்லணுமா சார்?"

"கஸ்டமர் குப்பைன்னு நினைப்பாங்க."

"உங்க மெஷின்ல விழுந்ததுதானே சார்! காலையில சரக்கு, சாயங்காலம் குப்பையா?"

சாம்பிள் ராடைத் தூக்கிட்டு எழுந்துட்டேன். ஆறு மாசம் அலைஞ்ச ஆர்டர்.

கேட்டுல லேத் ஆபரேட்டர் மறிச்சார். "இன்னாக்கா, ராடை எடுத்துகினு போற? நான்தான் கடைஞ்சு பார்த்தேன், சூப்பரா கீது!"

"உங்க மேனேஜர்கிட்ட சொல்லுங்கண்ணா."

"சொன்னேன்க்கா. உன் வேலையப் பாருன்னுட்டாரு."

பஸ் ஏறினதும் லேபிள் அடிக்கிறவருக்குப் போன் போட்டு, 'மறுசுழற்சி'ங்கிற அந்த வார்த்தையை ரெண்டு மடங்கு பெருசா போடச் சொல்லிட்டேன்.

என்ன கலர்னு கேக்குறார். இதைப் படிக்கிறவங்க, தூரத்துல இருந்தே கண்ணுல அடிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்கப்பா.