தொப்பியில்லாத சல்யூட்

எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், ஆண்டில் இரண்டு மாதம் பிரதேச ராணுவத்தில் சிப்பாய். மற்ற மாதங்களில் எனக்குக் கீழே பணியாளர். ஒட்ட வெட்டிய முடி, வெயிலில் கறுத்த கழுத்து. அளவு நாடாவைத் தொடாமல், இடக்கண்ணைச் சுருக்கியே எதையும் அளந்துவிடுவார்.

வெளிநாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா ஒழிந்து, எங்கள் ஏற்றுமதி பெருகிய ஆண்டின் சுதந்திர தினத்தில், மேலாளரான நான் கொடியேற்றினேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்ததை எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். ஆகவே விறைப்பாக சல்யூட் அடித்தேன். அவரோ கைகளைத் தொடையோடு ஒட்டி அசையாமல் நின்றார்.

"ஏனுங்க பட்டாளத்தாரே, கொடிக்கு ஒரு சல்யூட் வராதுங்களா?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டேன்.

"வருமுங்க சார். தலையில தொப்பி இல்லாம அடிக்கக் கூடாதுங்க. என்.சி.சி.யிலயும் அப்படித்தானுங்களே?"

செக்கிங் பிரிவுப் பெண்கள் அனைவரும் என் வழுக்கையைப் பார்த்தார்கள்.

"உங்களைச் சோதித்தேன்" என்றேன்.

"தெரியுமுங்க சார்" என்றார், முகம் மாறாமல்.

மறுநாள் என் மேசையில், பச்சைப் பனியன் துணியில் தைத்த தொப்பி ஒன்று இருந்தது. அறைக் கதவைத் தாழிட்டு அணிந்து பார்த்தேன். இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

நான் கொடியைப் பார்த்து நின்ற அந்த அரை நிமிடம், அவருடைய இடக்கண் எதைப் பார்த்துச் சுருங்கியிருந்தது என்பதை நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.