பிர்கித்துக்கு நான் என்ன முறை

பிர்கித்தின் மரணச் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசியில் வந்தது. வத்தளை வீட்டில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். டென்மார்க்கிலிருந்து மகள் மாயா பேசினாள். "அன்ரி, அம்மா மோசம் போயிட்டா" என்றாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை சொல்வது போலவே சொன்னாள். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. இந்த வயதிலும் அவள் வாயிலிருந்து வந்த அந்த "அம்மா" என்னைச் சுட்டது. அழுகை பிறகுதான் வந்தது. பிர்கித்தை அறிந்த உங்களுக்கு இதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு அந்த டென்மார்க்குக் குடும்பம் நினைவிருக்கும். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, விடிய வெளிக்கிட்டுவிடுவார். பிர்கித் பம்பலப்பிட்டியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் இருந்தார். மாயாவை இந்தியாவில் ஓர் அநாதை இல்லத்திலிருந்து கைக்குழந்தையாகத் தத்தெடுத்திருந்தார்கள். எங்களுக்கு மேல் வீட்டில் குடிவந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் வந்துவிடுவாள், தாய் வரும்வரை என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். அவளுடைய தமிழ் அந்தக் குசினியில் வந்தது.

வெள்ளைக்காரப் பெண்ணும் எங்கள் நிறத்தில் ஒரு பிள்ளையும் கைகோத்துப் போனால் எங்கள் காலி வீதிச் சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் மூவரும் புடைவைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பையை மாயாவின் கையில் கொடுத்து, வெள்ளைக்கார நோனாவுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். வேலைக்கு வைத்திருக்கும் பிள்ளை என்று நினைத்துவிட்டார். பிர்கித் பையைத் தான் வாங்கிக்கொண்டு, "இவ என்ர மகள்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். கடைக்காரர் விளக்கம் கேட்பது போல என்னைப் பார்த்தார். நான் சேலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். பிர்கித் சிரித்தார். "எங்களைப் பற்றி ரெண்டு நிமிஷம் யோசிப்பார்கள், பவானி. பிறகு மீன் வாங்கப் போய்விடுவார்கள்" என்றார்.

அந்த ரெண்டு நிமிஷத்துக்குப் பயந்துதான் நான் என் வாழ்க்கையை அப்படியே விட்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருமுறை நானும் கணவரும் கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் போய், ஒரு பெண்குழந்தையைப் பார்த்துவிட்டும் வந்தோம். "ஆர் பெத்த பிள்ளையோ, சனம் என்ன கதைக்கும்?" என்று மச்சாள் கேட்டார். அதோடு சரி. நாங்கள் திரும்பப் போகவில்லை. சனம் கதைக்கக் கதைக்க, கண்முன்னால் ஒருத்தி பிள்ளையோடு கடற்கரைக்குப் போய் வந்தாள். பிர்கித்தின் மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது. தலைகீழாக நின்றாலும் எனக்கு அந்தத் துணிவு வராது என்பதுதான் எரிச்சல்.

எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் கிடைத்தது. மூவருமாகப் போனால் ஊர் மாயாவை எனக்கே தந்துவிடும். பஸ்ஸில் கொண்டக்டர் என்னைப் பார்த்து, "பிள்ளையை மடியில வைச்சுக்கொள்ளுங்கோ" என்பார். பிர்கித் பக்கத்தில் நிற்பார். நான் திருத்தமாட்டேன். பம்பலப்பிட்டி வரும்வரை அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

மாயாவுக்கு ஒன்பது வயதானபோது அந்தத் திருட்டுச் சந்தோஷம் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது. சந்தைக்குப் போய் வரும் வழியில் என்னையும் அவளையும் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். உன் மகளா என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றேன். யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை, ஆசையில் சொன்னேன். அவர் பொலிஸ் பதிவுத் துண்டைக் கேட்டார். எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிய துண்டு அது. அதில் என் பெயரும் கணவரின் பெயரும் மட்டுமே இருந்தன. மகளின் பெயர் எங்கே என்று கேட்டார். மாயா பயந்துபோய், தன் தாய் வேறு ஆள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இருவரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்று மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருந்தோம். மாயா என் கையைப் பிடிக்கவில்லை. தகவல் கிடைத்து பிர்கித் தத்தெடுத்த பத்திரங்களோடு வந்தார். வந்ததுமே அவருக்குக் கதிரை போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். எழும்பி நின்ற என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை. அந்தக் கதிரையைப் பார்த்தபோதும் எனக்கு வயிறு எரிந்தது. தான் வேலைக்குப் போகும்போது பிள்ளையை நான்தான் பார்க்கிறேன், கேள்வி எனக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லி அவர் எங்களை மீட்டார்.

வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார். "என் மகளை உங்கள் மகள் என்று சொன்னது எனக்குப் பெரிசில்லை. மாயாவிடம் கேட்டீர்களா?"

கதிரையும் தேத்தண்ணியும் கிடைக்கிற ஆளுக்குக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்கும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு கிழமை திறக்கவில்லை. மாயாவின் செருப்புச் சத்தம் படியில் ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன்.

எட்டாம் நாள் பிர்கித் மாயாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கதிரையைப் பற்றி நான் சொன்னது சரி என்றார். பிறகு என் முன்னாலேயே மகளிடம் கேட்டார், இவ உனக்கு யார் என்று. மாயா என்ன சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதை எழுதத் தேவையில்லை. "அன்ரி" என்றாள். அதை வைத்து பிர்கித் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் தட்டச்சுச் செய்துவந்தார். இவர் எங்கள் மகளின் அன்ரி, இவரோடு எங்கும் போக மகளுக்கு எங்கள் அனுமதி உண்டு என்று அதில் இருந்தது. அவர்கள் நாட்டைவிட்டுப் போகும்வரை அந்தக் கடிதத்தோடுதான் மாயாவைக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். இன்றும் என் அடையாள அட்டையோடுதான் அது இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாயா இன்னொன்றும் சொன்னாள். வெள்ளவத்தையில் தெரிந்தவர்களுக்காகக் கொழும்புப் பத்திரிகையில் தமிழில் மரண அறிவித்தல் போடவேண்டும் என்று தாய் எழுதி வைத்திருக்கிறார். யார் யாருக்கு என்ன முறை என்று நாங்கள் போடுவது போலவே போடவேண்டுமாம். அன்புச் சகோதரி என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருக்கிறது.

"உங்களிட்டக் கேட்டுத்தான் போடவேணும் எண்டு அம்மா எழுதியிருக்கிறா. போடவா, அன்ரி?"

டென்மார்க்குக்காரிக்கு வத்தளையில் பவானி என்று ஒரு சகோதரி எப்படி வந்தாள் என்று பத்திரிகை படிக்கிறவர்கள் கேட்பார்கள். மச்சாள் உயிரோடு இருக்கிறார், அவரும் கேட்பார்.

மாயா காத்துக்கொண்டிருந்தாள். அவளை இப்படி வளர்த்தவர் பிர்கித். என்னிடம் வளர்ந்திருந்தால் கேளாமலே போட்டிருப்பாள். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை, அதையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

"போடு, பிள்ளை" என்றேன். "கேக்கிற ஆக்கள் ரெண்டு நிமிஷம் கேக்கட்டும்."