முத்தையா என்ற பெயர்

என் கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் உங்களுக்குச் சிரமம் தரும், மன்னியுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் என் தாத்தா முத்தையா மூடுபனிக்குள் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அவர் பெயரைக் கொண்ட என் அண்ணனும் அப்படியே போனான். எனக்கு மகன் பிறந்ததும் அத்தை, "தலைப்பிள்ளைக்கு அந்தப் பேருதான்டா. விட்டா தாத்தா கோவிச்சுக்குவாரு" என்றார்.

"அது மட்டும் வேணாங்க" என்று மனைவி என் கையைப் பிடித்தாள். சொந்தக்காரர்கள் முன் மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு, குழந்தையின் காதில் அந்தப் பெயரையே சொன்னேன்.

பதினெட்டு வயதில் அவனும் பனிக்குள் போனான். இன்றும் பனி இறங்கினால் மனைவி மலையைப் பார்த்து, "முத்தையா!" என்று கூப்பிடுகிறாள். "இந்தா வர்றேன்" என்று ஒரே மாதிரி மூன்று குரல்கள் கேட்கின்றன. எது மகனுடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேறு பெயர் வைத்திருந்தால் அவன் மட்டும் பதில் சொல்லியிருப்பான்.

பன்வில, 1998 மார்ச் 14.